கணக்கும் நம்பிக்கையும்

அமெரிக்க அரசு 1985-இல் வெளியிட்ட ஹெக்லர் அறிக்கை, கறுப்பர் முதலான சிறுபான்மையினரிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் மிகையாகச் சாகிறார்கள் என்று கணக்குக் காட்டிற்று. வெள்ளையருக்குள்ள இறப்பு விகிதமே இவர்களுக்கும் இருந்தால் நேர்ந்திராத சாவுகள்! மறு ஆண்டே சிறுபான்மையினர் நல்வாழ்வுக்கென ஓர் அலுவலகம் பிறந்தது. அந்நாட்டுத் தேசியச் சுகாதார ஆய்வு அமைப்பில் 1990-இல் தனிப்பிரிவு, 2000-இல் மையம், 2010-இல் முழு நிறுவனம்.

பெயர்ப்பலகை பெரிதாயிற்று. நம்பிக்கை?

இதே அரசின் பொதுச் சுகாதாரத் துறைதான் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பர்களுக்கு உரிய சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் வந்த பின்னும் கொடுக்கவில்லை. அதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நோட்டும் பேனாவுமாக எவர் வந்தாலும் எங்கள் அப்பத்தா கதவைச் சாத்திவிடுவார். அறியாமை என்று சிரித்திருக்கிறேன். டஸ்கிகீயைப் பற்றிப் படித்தபின் சிரிக்க முடியவில்லை.

மருத்துவ ஆய்வுகளில் சிறுபான்மையினரையும் சேர்க்க வேண்டுமென்கிறது அங்குள்ள 1993-ஆம் ஆண்டுச் சட்டம். சேர்த்தால் போதுமா? எதை ஆராய்வது என்று அவர்களிடமும் கேட்க வேண்டும். கண்டதை முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும்.