ஒரே சுவரில் இரு தோழர்கள்

வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு நாள்தோறும் வந்து செல்லும் மக்களில், ஏ.பி. சந்தானராஜ் என்னும் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? 1932-இல் இதே திருவண்ணாமலையில் பிறந்து, தென்னாட்டு நவீன ஓவியத்திற்குத் தனி முகம் தந்தவர்களுள் ஒருவர் அவர். அவருடைய கல்லூரித் தோழர் எல். முனுசாமியைப் பற்றிக் கேட்டாலோ, மௌனமே விடையாகக் கிடைக்கும். இந்த மௌனத்தை இனியும் பொறுத்துக்கொள்ளலாகாது என்பதே நம் வாதம்.

இருவரும் சென்னை அரசு கலைக் கல்லூரியில் பயின்றவர்கள், கே.சி.எஸ். பணிக்கரிடம் கற்றவர்கள், பின்னர் அதே கல்லூரியில் ஆசிரியர்களாகவும் முதல்வர்களாகவும் விளங்கியவர்கள். சந்தானராஜ் 2009-இலும் முனுசாமி 2020-இலும் மறைந்தனர். இவ்விருவரின் படைப்புகளையும் ஒரே கூடத்தில் அருகருகே நிறுத்தி, எழும்பூர் அரசு அருங்காட்சியகம் விரிவானதொரு கண்காட்சி நடத்த வேண்டும். அது திருவண்ணாமலைக்கும் வரவேண்டும்.

ஏன் இருவரையும் சேர்த்து? தனித்தனியே காட்டினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. சந்தானராஜிடம் கோடே உயிர். அது வளைந்து, சுழன்று, உருவத்தைப் பிறப்பித்து, பிறகு அவ்வுருவத்தையே தன்னுள் கரைத்துவிடும். முனுசாமியிடமோ வண்ணமே முதன்மை. அகன்ற தூரிகை வீச்சில் மனித உருவம் மங்கி வெறும் அசைவாக மாறிவிடும். ஒரே ஆசான், ஒரே வகுப்பறை, இரு வேறு பாதைகள்! இதனை அருகருகே கண்டாலன்றி உணர முடியாது. ஒருவரை மட்டும் மேதையென உயர்த்துவது சந்தையின் வழக்கம். கலையோ பெரும்பாலும் தோழமையில், ஒருவர் பணியை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் அன்றாடத்தில் வளர்கிறது.

“அரூப ஓவியம் பாமரர்க்குப் புரியாது” என்பது அடுத்த தடை. நாம் இதனை அறவே மறுக்கிறோம். நம் தாய்மார் விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுகின்றனர். அச்சிக்குக்கோட்டின் பொருள் என்னவென்று எவரேனும் கேட்டதுண்டா? கோட்டின் ஒழுங்கும் ஓட்டமுமே மனத்திற்கு நிறைவளிக்கின்றன. கோலத்தை ரசிக்கத் தெரிந்த கண்ணுக்குச் சந்தானராஜின் கோடு அந்நியமன்று. புரியாது எனத் தீர்ப்பளிப்பவர்கள், மக்களுக்கு ஒருமுறையேனும் காட்டிவிட்டா அவ்வாறு சொல்கிறார்கள்?

அரூப ஓவியத்திற்கு இந்நாட்டில் மதிப்பில்லை எனவும் சொல்ல இயலாது. 2021-இல் வி.எஸ். கய்தொண்டேயின் ஓவியம் ஒன்று ஏறத்தாழ 40 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. குறை அரூபத்தில் இல்லை. நம் புறக்கணிப்பில் இருக்கிறது. தேசிய நவீன கலைக்கூடம் 1954-இல் தில்லியிலும், 1996-இல் மும்பையிலும், 2009-இல் பெங்களூரிலும் திறக்கப்பட்டது. 1850-இலேயே கலைப்பள்ளி கண்ட சென்னைக்கோ அத்தகைய கூடம் வாய்க்கவில்லை. 1966-இல் சோழமண்டலம் கிராமத்தை நிறுவிய ஓவியர்கள், தம் சொந்த உழைப்பால் சென்னை ஓவிய இயக்கத்திற்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். ஓவியர்கள் தம் கைப்பொருளைக் கொண்டு செய்ததை, அரசு தன் கருவூலத்தைக் கொண்டு செய்யத் தயங்குவது முறையா?

பசித்திருப்போர் பலர் இருக்கையில் ஓவியம் எதற்கு என்பாரும் உளர். அவர்கள் அக்கறையை மதிக்கிறோம்; எனினும் வாதத்தை ஏற்பதற்கில்லை. ஏழையின் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதும், அழகு வேண்டாம் என முடிவு செய்ய நமக்கு உரிமை தந்தவர் யார்? செல்வர் வீட்டுச் சுவரில் ஓவியம் தொங்கத்தான் போகிறது. பொதுக்கூடம் இல்லையேல் இழப்பு ஏழைக்கே.

ஆகவே, வாசக அன்பர்களே, பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, வணிக வளாகங்களோடு நின்றுவிடாமல் சோழமண்டலத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். அருங்காட்சியகத் துறைக்கு எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்பாரற்ற செல்வம் கிடங்கில்தான் கிடக்கும். நம் ஊர் பெற்ற ஒருவரையும் அவர் தோழரையும் ஒரே சுவரில் காணும் உரிமை நமக்கு உண்டு. அதனைக் கேட்டுப் பெறுவோம்.