சுவரில் மாட்டிய பாட்டனார்

சிறிய ஒயின் ஆலைகள் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளும் அறிமுகங்களை வாசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தச் சித்திரம் புதிதல்ல. சுவரில் பழுப்பேறிய ஒரு புகைப்படம். அதில் தட்டைத் தொப்பியும் அடர்ந்த மீசையுமாக ஒரு சிசிலியப் பாட்டனார். பக்கத்தில் கறுப்புடை அணிந்த பாட்டி. கீழே, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த குடும்ப மரபு, முன்னோரின் கைப்பக்குவம், மண்ணின் மீது மாறாத பற்று என்று நான்கு வரிகள். ஆலை கலிபோர்னியாவில் இருக்கலாம், நியூயார்க்கில் இருக்கலாம், சிசிலியிலேயே இருக்கலாம். பாட்டி மட்டும் மாறுவதில்லை. பாட்டி வடை சுட்ட கதையில் காக்கையும் நரியுமாவது வரும். இதில் அவையும் கிடையாது.

இந்தக் கதையை ரசிப்பவர்கள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள். பெருந்தொழிலின் முகமற்ற உற்பத்திக்கு எதிராக ஒரு குடும்பம் தன் மரபைக் காத்து நிற்கிறது, அதைப் போற்றுவதில் என்ன பிழை என்று அவர்கள் கேட்கக்கூடும். சிறு ஆலைகள்மீது நமக்குப் பகையில்லை. சொல்லப்போனால், அவை பிழைத்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். நம்முடைய எதிர்ப்பு ‘குடும்ப மரபு’ என்ற சொற்சேர்க்கையின் மீது. சிசிலியைப் பொறுத்தவரை அது பாதி பொய்; மீதிப் பாதி, சொல்லாமல் விட்ட உண்மை.

முதலில் பழமையை எடுத்துக்கொள்வோம். சிசிலிய ஒயின்களில் உலகம் நன்கறிந்த பெயர் மார்சாலா. தீவின் மேற்குக் கரைத் துறைமுக ஊரின் பெயர் அது. அந்த ஒயினை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர் சிசிலியப் பாட்டனார் எவருமல்லர். லிவர்பூலைச் சேர்ந்த ஜான் வுட்ஹவுஸ் என்ற வணிகர். 1773-இல் அங்கு வந்த அவர், கடற்பயணத்தில் கெடாமலிருக்க உள்ளூர் ஒயினில் சாராயம் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். நெல்சனின் கடற்படைக்கும் அது போயிற்று. பின்னால் இங்கம் வந்தார். அதற்கும் பின்னால், 1830-களில், இத்தாலியரான வின்சென்சோ ஃப்ளோரியோ வந்தார். ‘தொன்மையான’ மார்சாலா ஓர் ஏற்றுமதிச் சரக்காகவே பிறந்தது.

மார்சாலாவுக்குப் பேர்போன கிரில்லோ திராட்சையைப் பாருங்கள். லேபிள்களில் அதற்குச் சூட்டப்படும் அடைமொழிகளைப் படித்தால், ஒடிசியஸ் கரையிறங்கியபோது பந்தலில் காய்த்துத் தொங்கியது என்றே நம்பத் தோன்றும். ஃபவாரா ஊரின் அன்தோனியோ மெந்தோலா என்ற பிரபு, 1874-இல் கத்தராத்தோ, சிபிப்போ என்ற இரு வகைகளைக் கலந்து உருவாக்கியது அது. அவற்றில் சிபிப்போ என்ற பெயரே உலர்திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பிறகு ஃபிலோக்சிரா என்ற வேர்ப்பூச்சி 1880 வாக்கில் சிசிலியை அடைந்து தோட்டங்களை அழித்தது. மீண்டும் நட்ட கொடிகள் பெரும்பாலும் அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஒட்டுக்கட்டப்பட்டவை. மண்ணில் ஊன்றிய வேரே வெளிநாட்டுச் சரக்காக இருக்கும்போது எந்த மண்ணின் தூய்மையைப் பேசுகிறோம்? இது சிசிலிக்கு இழுக்கல்ல. அரேபியரும் ஆங்கிலேயரும் அமெரிக்க வேரும் கலந்த ஒன்றைச் செழிப்பான பண்பாடாக ஆக்கிக்கொண்டதுதான் அத்தீவின் பெருமை. அந்தப் பெருமையை மறைத்துவிட்டு ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை ரகசியமாக அதைச் சுருக்குவதுதான் இழுக்கு.

அடுத்து, குடும்பம். யாருடைய குடும்பம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிசிலியின் உட்பகுதி பெருநிலவுடைமையின் பிடியில் இருந்தது. நிலம் பிரபுக்களுடையது, பிரபுக்கள் பலர்மோவில் வசித்தார்கள். இடையில் ‘கபெல்லோத்தோ’ என்னும் குத்தகைக்காரர். அவர் மொத்தமாக எடுத்த நிலத்தைத் துண்டு போட்டு உழவர்களுக்கு வாரத்துக்கு விட்டார். விதைக்கும், காவலுக்கும், கடனுக்கும் பிடித்ததுபோக உழவனின் களத்தில் மிஞ்சியது சொற்பம். கபெல்லோத்தோக்களும் அவர்களது ஆயுதக் காவலர்களும் இருந்த இடத்திலிருந்துதான் மாஃபியா வளர்ந்தது. அவை பெரும்பாலும் கோதுமை நிலங்கள், திராட்சைத் தோட்டங்களின் கதை வேறு என்று ஒருவர் மறுக்கலாம். அவ்வளவு வேறல்ல. வேர்ப்பூச்சியும், 1888-இல் ஃபிரான்சுடன் மூண்ட சுங்கவரிப் போரும் சேர்ந்து தென்னித்தாலிய ஒயினின் பெரும் சந்தையை மூடின. கொடி வளர்த்தவனும் கோதுமை விதைத்தவனும் ஒரே கடன்காரனின் வாசலில் நின்றார்கள்.

அந்த வாசலிலிருந்து கிளம்பியதுதான் ‘ஃபாஷி சிச்சிலியானி’ என்ற உழைப்பாளர் சங்கங்களின் எழுச்சி. பிற்காலத்துப் பாசிசத்துக்கும் இதற்கும் பெயரொற்றுமை மட்டுமே. 1893 கோடையில் கொர்லியோனெ ஊரில் உழவர்கள் கூடி, வாரச் சாகுபடிக்கான நியாயமான ஒப்பந்த விதிகளை எழுத்தில் வகுத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் பெர்னார்தினோ வெர்ரோ. 1894 ஜனவரியில் பிரதமர் கிறிஸ்பி ராணுவச் சட்டம் கொண்டுவந்து அந்த எழுச்சியை நசுக்கினார். கிறிஸ்பியும் சிசிலியரே என்பதைக் குறித்துக்கொள்ளவும். வெர்ரோ பின்னாளில் கொர்லியோனெயின் மேயரானார். 1915-இல் மாஃபியா அவரைச் சுட்டுக்கொன்றது.

கொர்லியோனெ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1969-இல் வெளிவந்த மரியோ பூசோவின் நாவலும், அதையொட்டி 1972-இல் வந்த படமும்தான். அதாவது, ஒரு கொலைகாரக் குடும்பத்தின் பாசப்பிணைப்பு. அதே ஊரின் பெயரில் உழவர்கள் எழுதிய ஒப்பந்தமும் இருந்தது என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? எது மரபாக நினைவுகூரப்படுகிறது, எது துடைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. சிசிலியில் ‘குடும்பம்’ என்ற சொல்லைத் தனக்குரியதாக வைத்துக்கொண்ட இன்னோர் அமைப்பும் உண்டு என்பதை, அச்சொல்லை லேபிளில் பொன்னெழுத்தில் அச்சிடுகிறவர்கள் சற்றே நினைத்துப்பார்க்கலாம்.

எழுச்சி நசுக்கப்பட்டபின் மக்கள் கப்பலேறினார்கள். முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் லட்சக்கணக்கான சிசிலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். சுவரில் தொங்கும் பாட்டனார் பெரும்பாலும் இவர்களில் ஒருவர். நிலத்தின் மீதான மாறாப் பற்று என்று பேரன் எழுதுகிறான். பாட்டனார் ஊரைவிட்டுக் கிளம்பியதே பற்று வைக்க ஒரு துண்டு நிலமும் இல்லாததால்தான். புதிய ஊரில் அவர் நிலவறையில் ஒயின் செய்தது உண்மை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோதும், குடும்பத் தலைவர் ஒருவர் வீட்டு உபயோகத்துக்காக ஆண்டுக்கு இருநூறு காலன் வரை பழச்சாறு புளிக்கவைக்க இடமிருந்தது. கலிபோர்னியாவிலிருந்து ரயில் பெட்டிகளில் வந்த திராட்சையைக் குடியேறிகள் சரக்கு நிலையங்களில் வாங்கினார்கள். அவற்றுள் பெயர்பெற்றது அலிகாந்தே பூஷே. தடித்த தோல், நெடும்பயணம் தாங்கும், சாயம் அதிகம். சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி இரண்டாம் முறையும் பிழியலாம். அது ஃபிரான்சில் உருவான கலப்பினம். இப்பழத்தைக் கொண்டு, கிடைத்த பீப்பாயில், ஞாயிற்றுக்கிழமை மேசைக்காக ஒரு கூலித் தொழிலாளி செய்த ஒயின் அது. நமக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டு. அவர் கைவசமிருந்தது குடும்பச் சூத்திரமல்ல. இல்லாமையைச் சமாளிக்கும் திறன். அதைச் சொல்வதற்குப் பேரனுக்கு என்ன வெட்கம்?

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. சிசிலி என்றால் 1958-இல் வெளிவந்த லம்பெதூசாவின் ‘இல் கட்டோபார்டோ’வையே முதலில் எடுக்கிறோம், அதையும் மறைந்துபோன பிரபு வாழ்வுக்கான ஏக்கமாக மட்டும் படிக்கிறோம். வெர்காவின் ‘லா ரோபா’ என்ற சிறுகதையை எடுப்பதில்லை. 1880-இல் வந்த கதை. மத்சாரோ என்பவன் கூலியாக இருந்து, பிரபுவின் நிலங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தன்னுடையது என்ற நிலையை அடைகிறான். அவனது தோட்டங்களில் திராட்சை அறுக்க ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்கள். வந்தவர்களின் பெயர் கதையில் இல்லை. இறுதியில், சாவு நெருங்கியதை அறிந்து, தன் வாத்துகளையும் வான்கோழிகளையும் தடியால் அடித்துக் கொல்கிறான் மத்சாரோ; உடைமை தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் கதறல். பேரர்கள் மாட்டிவைக்கும் படத்தில் எல்லோரும் சாந்தமான முகத்தோடு இருக்கிறார்கள். அந்தத் தடியை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை.

அப்படியானால் மரபு என்று ஒன்று இல்லையா? உண்டு. இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறோம்.

மார்கோ தே பார்தோலி மார்சாலா வட்டாரத்துக்காரர். அந்த ஒயின் வணிகத்தில் ஊறிய சூழலில் வளர்ந்தவர். இருபதாம் நூற்றாண்டில் மார்சாலா சமையலறைச் சரக்காகத் தாழ்ந்துவிட்டிருந்தது. முட்டையும் காப்பியும் கலந்த மார்சாலாக்கள்கூடச் சந்தையில் இருந்தன. அவர் குடும்பப் பண்ணையான சம்பேரிக்குத் திரும்பி, 1980-இல் ‘வெக்கியோ சம்பேரி’ என்ற ஒயினை வெளியிட்டார். கிரில்லோ திராட்சையில் செய்தது, சாராயம் சேர்க்காதது. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புது ஒயினால் நிரப்பும் பழைய முறையில் முதிர்ந்தது. வுட்ஹவுஸ் வருவதற்கு முன்பிருந்த பாணி. சாராயம் சேர்க்காததாலேயே சட்டப்படி அதை மார்சாலா என்று அழைக்க முடியவில்லை. அவர் 2011-இல் மறைந்தார். அவரை நாம் மதிப்பது குடும்பப் பண்ணை வைத்திருந்ததற்காக அல்ல. தான் வளர்ந்த சூழல் தன் ஊர் ஒயினை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று கண்டு, அதற்கு எதிராகத் திரும்பியதற்காக. தன் மரபோடு சண்டையிட்டவனே அதன் வாரிசு. புதிய மொந்தையில் பழைய கள்ளை ஊற்றி விற்பவன் வெறும் வியாபாரி.

இரண்டாவது, குடும்பமே இல்லாத ஆலை. 1996-இல் இத்தாலியில் நிறைவேறிய 109-ஆம் எண் சட்டம், மாஃபியாவிடமிருந்து பறிமுதல் செய்த சொத்துகளைச் சமூகப் பயன்பாட்டுக்கு அளிக்க வழிசெய்தது. அதன் பயனாகப் பலர்மோவின் உட்பகுதியில் உழவர் கூட்டுறவுகள் தோன்றின. அவர்களது ஒயின்கள் ‘சென்தோபாஸ்ஸி’ என்ற பெயரில் வருகின்றன. கூட்டுறவுகளில் ஒன்றின் பெயர் பிளாசிதோ ரிசோத்தோ. கொர்லியோனெயின் தொழிற்சங்கத் தலைவர். 1948 மார்ச்சில் மாஃபியாவால் கடத்திக் கொல்லப்பட்டவர். அவரது எச்சங்கள் மரபணுச் சோதனையில் உறுதி செய்யப்பட்டு, 2012-இல்தான் அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. அதே வட்டாரத்தில் போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா என்ற இடம் இருக்கிறது. 1947 மே நாளன்று அங்கு கூடிய உழவர்கள்மீது கொள்ளைக்காரன் ஜூலியானோவின் கும்பல் சுட்டதில் பதினொருவர் மாண்டனர். சிசிலிய மண்ணின் மரபு என்று ஒருவர் பேச விரும்பினால் இங்கிருந்து தொடங்கட்டும்.

ஒரு குப்பி ஒயினுக்கு இவ்வளவு வரலாறு தேவையா என்ற கேள்வி எழும். வரலாற்றை இழுத்துவந்தது நாமல்ல. ஒயின் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் குடித்துவிட்டுப் போயிருப்போம். பழைய படத்தை மாட்டி, மரபைச் சொல்லி, அதற்கும் சேர்த்து விலை வைக்கும்போது, அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது. இலக்கியத்திலும் இதைத்தானே செய்கிறோம்? மரபு என்று சொல்லிக்கொண்டு வரும் ஒவ்வொரு வரியையும் உரசிப் பார்க்கிறோம். அங்கே கறாராக இருந்துவிட்டு மேசையில் உட்கார்ந்ததும் நெகிழ்ந்துபோவது நேர்மையல்ல.

கணக்கு பழங்காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. கங்காணிகள் மூலம் கூலிகளைப் பிடித்துச் சுரண்டும் முறையைத் தண்டிக்க இத்தாலி 2016-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சிசிலியின் வயல்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்களில் துனிசியரும் ருமேனியரும் மேற்கு ஆப்பிரிக்கரும் இருக்கிறார்கள். பாட்டனார் கப்பலேறிய அதே காரணத்துக்காக, எதிர்த்திசையில் பயணம் செய்து வந்தவர்கள் இவர்கள்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. பாட்டனாரின் படம் சுவரில் இருக்கட்டும். அவர் ஏன் ஊரைவிட்டுப் போனார் என்பதை அதன் கீழே இரண்டு வரி எழுதுங்கள். பக்கத்திலேயே, இந்த ஆண்டு பழம் பறித்தவர்களின் பெயர்களையும் எழுதிவையுங்கள். அவர்களில் யாருடைய பேத்தியாவது ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் ஓர் ஒயின் ஆலையைத் தொடங்கக்கூடும். அன்றைக்கு அவள் தேடிவந்தால், தாத்தாவின் பெயர் எங்காவது இருக்க வேண்டும்.