வண்டி ரெடி, டிரெய்லர் ரெடி... செயின்? அமெரிக்காவின் 'ஹாட்ஷாட்' தொழிலில் புதியவர்கள் சறுக்கும் இடம்

அமெரிக்காவில் கையில் ஒரு பெரிய பிக்கப் வண்டியும், பின்னால் மாட்ட ஒரு திறந்த டிரெய்லரும் இருந்தால் சொந்தமாக லோடு அடிக்கலாம். 'ஹாட்ஷாட் டிரக்கிங்' என்று இதற்குப் பெயர். கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும் சரக்கு வாடகை எகிறியபோது ஏராளமானோர் சொந்த வண்டியோடு சரக்குத் தொழிலுக்குள் வந்தார்கள். 2022-ல் வாடகை சரியத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில், ஏறக்குறைய நூறு வயதான 'யெல்லோ' நிறுவனமே திவாலாகி சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பெரிய முதலீட்டாளர்கள் பணம் போட்டிருந்த 'கான்வாய்' என்ற டிஜிட்டல் சரக்கு நிறுவனம் கடையை மூடியது.

பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி என்றால் ஒற்றை வண்டிக்காரர் என்ன செய்வார்? டீசலில் கை வைக்க முடியாது. இன்சூரன்ஸில் முடியாது. வண்டித் தவணை மாதாமாதம் வந்து நிற்கும். மிச்சம் பிடிக்கலாம் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம், லோடைக் கட்டுகிற சாமான்கள்தான். செயின், பெல்ட், பைண்டர், மூலைக் காப்பு. வண்டிக்கும் டிரெய்லருக்கும் பல பத்தாயிரம் டாலர் போட்டவர், சில ஆயிரம் டாலருக்குள் முடிகிற இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கிறார். அந்தச் சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கச் சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

அது என்ன 'ஹாட்ஷாட்'?

இந்தத் தொழிலின் வேர் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் இருக்கிறது. துளையிடும் இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்தால் மொத்த வேலையும் நின்றுவிடும். 18 சக்கர லாரி வரும்வரை காத்திருக்க முடியாது. பிக்கப் வண்டியில் அந்த ஒரு பாகத்தைப் போட்டுக்கொண்டு பறக்க ஆள் வேண்டும். அப்படிப் பிறந்த தொழில் இன்று டிராக்டர், சிறிய லோடர், இரும்புக் குழாய், கட்டட மரம், கார் என்று எல்லாவற்றையும் சுமக்கிறது. ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 போன்ற வண்டிகள். பின்னால் பெரும்பாலும் 40 அடி வரை நீளும் டிரெய்லர். முக்கியமாக, சுற்றிலும் சுவர் கிடையாது. பெட்டி லாரியில் சரக்கு சரிந்தால் சுவரில் சாயும். இங்கே சரிந்தால் நேராக ரோட்டில்தான்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால் விதியும் வேண்டாமா?

புதியவர்களிடம் பரவலாக இருக்கும் ஒரு தப்புக் கணக்கு இது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அங்கீகரிக்கப்பட்ட எடை 26,001 பவுண்டையோ அதற்கு மேலோ தொட்டு, அதில் டிரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டினால், சி.டி.எல். எனப்படும் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். அதனால் பலர் 12,000 பவுண்டு வண்டி, 14,000 பவுண்டு டிரெய்லர் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். கூட்டினால் சரியாக 26,000. சி.டி.எல். தேவையில்லை. அதுவரைக்கும் சரி.

ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்குச் சரக்கு ஏற்றினால், 10,001 பவுண்டிலேயே, அதாவது சுமார் நாலரை டன்னிலேயே, மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விதிகள் வந்துவிடும். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அமைப்பின் சரக்குக் கட்டு விதி, 80,000 பவுண்டு லாரிக்கு என்ன சொல்கிறதோ அதையேதான் பிக்கப் வண்டிக்கும் சொல்கிறது. லைசென்ஸ் விஷயத்தில் கிடைத்த சலுகை செயின் விஷயத்தில் கிடையாது.

80 சதவீதக் கணக்கு

1990-களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பகுதியில் லாரிகளிலிருந்து உருண்டு விழுந்த எஃகுச் சுருள்கள் உயிர்களைப் பறித்தன. அதற்குப் பின் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஆய்வு செய்து பொதுவான ஒரு தரத்தை உருவாக்கின. அமெரிக்காவில் 2002-ல் இறுதி செய்யப்பட்ட விதி, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமானது.

அதன் மையக் கருத்து எளிது. திடீர் பிரேக் போட்டால் லோடு முன்னால் பாயும். அப்போது அதன் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசையைக் கட்டு தாங்க வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் 50 சதவீதம். 10,000 பவுண்டு இயந்திரம் என்றால் பிரேக் போடும் அந்த நொடியில் 8,000 பவுண்டு முன்னோக்கித் தள்ளுகிறது. அதுக்குத் தகுந்த மாதிரி கட்டியிருக்க வேண்டும்.

இதை ரோட்டோரத்தில் நிற்கும் அதிகாரி எப்படிச் சோதிப்பார்? அதற்குத்தான் இன்னொரு விதி. ஒவ்வொரு செயினுக்கும் பெல்ட்டுக்கும் 'சுமை வரம்பு' என்று ஒன்று உண்டு. வழக்கமான பயன்பாட்டில் அது தாங்க வேண்டிய எடை. கட்டிய எல்லாவற்றின் சுமை வரம்பையும் கூட்டினால், லோடின் எடையில் பாதியாவது வர வேண்டும்.

கேட்க சுலபம். சிக்கல் கூட்டுகிற முறையில் இருக்கிறது. டிரெய்லரின் ஒரு பக்கத்தில் தொடங்கி, லோடின் மேலே போய், மறுபக்கத்தில் முடியும் பெல்ட்டுக்கு முழு வரம்பும் கணக்கு. டிரெய்லரிலிருந்து நேராக இயந்திரத்தின் கொக்கியில் போய் நின்றுவிடும் செயினுக்குப் பாதிதான் கணக்கு.

ஒரு லோடர், நான்கு செயின்

உதாரணமாக, சி.டி.எல். உள்ள ஒருவர் 11,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5 டன், எடையுள்ள ஒரு சங்கிலிப் பட்டை லோடரை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டுவது வழக்கம். பக்கெட்டை முழுசாகக் கீழே இறக்கி, அதையும் அசையாமல் கட்ட வேண்டும். தேவையான மொத்த வரம்பு 5,500 பவுண்டு.

அவரிடம் இருப்பது ஐந்தில் பதினாறு பங்கு அங்குலம் அல்ல, பதினாறில் ஐந்து பங்கு அங்குலச் செயின். கடைகளில் இப்படிப் பின்னத்தில்தான் அளவு சொல்வார்கள்; தமிழில் மாற்றிப் படித்துவிடக் கூடாது. 'கிரேடு 70' தரத்தில் இந்தச் செயினின் வரம்பு 4,700 பவுண்டு. நேர்க்கட்டு என்பதால் பாதி, 2,350. நான்கு செயினுக்கு 9,400. தாராளமாகப் போதும்.

இப்போது அதே கனம், அதே நீளம், பார்க்கவும் அதே மாதிரி இருக்கும் நான்கு செயின்கள். பழைய சாமான் விற்றவரிடம் மலிவாகக் கிடைத்தவை. கண்ணியில் தர முத்திரை இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. முத்திரை இல்லாத செயினை விதி 'கிரேடு 30' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதன் வரம்பு 1,900. பாதி 950. நான்குக்கு 3,800. தேவை 5,500. வண்டி நின்றுவிட்டது.

செயின் உண்மையில் உறுதியானதாகவே இருக்கலாம். அதை அதிகாரியிடம் நிரூபிக்க வழியில்லை. மஞ்சள் பூச்சு இருக்கிறதே என்று காட்டுவதிலும் பலனில்லை. எந்தச் செயினுக்கும் மஞ்சள் அடிக்கலாம். கண்ணியில் 7, 70, ஜி70 என்று ஏதாவது பொறித்திருக்க வேண்டும்.

செயின் மட்டும் நன்றாக இருந்தாலும் பத்தாது. அதை இறுக்கும் பைண்டர், கொக்கி, டிரெய்லரில் மாட்டும் வளையம் என்ற வரிசையில் எது பலவீனமோ அதன் வரம்புதான் மொத்தக் கட்டின் வரம்பு. பைண்டரில் நெம்புகோல் வகை விலை குறைவு. ஆனால் இறுக்கத்தில் இருக்கும்போது அந்தக் கைப்பிடி திருப்பி அடித்தால் தாடை எலும்பு போய்விடும். கொஞ்சம் அதிகம் கொடுத்து ராட்செட் பைண்டர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பெல்ட்டில் எழுதியிருக்கும் பெரிய எண்

ராட்செட் பெல்ட் வாங்கும்போது அட்டையில் '10,000 பவுண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது அறுந்துபோகும் எடை. பக்கத்திலேயே சின்னதாக 3,333 என்று இருக்கும். கணக்குக்கு வருவது அந்தச் சின்ன எண்தான். 2 அங்குல பெல்ட்டுக்கு இது வழக்கமான அளவு. 4 அங்குல பெல்ட்டுக்கு 5,400 என்று தைத்திருப்பார்கள். அந்தத் துணிச்சீட்டு வெயிலிலும் மழையிலும் கிழிந்துபோனால் 4 அங்குலத்துக்கு 4,000, 2 அங்குலத்துக்கு 2,000 என்றுதான் விதி மதிப்பிடும்.

எத்தனை பெல்ட் என்பதற்கு எடை மட்டும் போதாது, நீளமும் பார்க்க வேண்டும். 20 அடி இரும்புக் குழாய்க் கட்டு, முன்னால் தடுப்புப் பலகை எதுவும் இல்லை என்றால், முதல் 10 அடிக்கு இரண்டு, அடுத்த 10 அடிக்கு ஒன்று என மூன்று கட்டு வேண்டும். ஒரே பெல்ட் முழு எடையையும் தாங்கும் என்றாலும் மூன்று கட்டியாக வேண்டும்.

பெல்ட்டின் முதல் எதிரி கூர்மையான விளிம்பு. இரும்பின் ஓரத்தில் பட்டு, வண்டி குலுங்கக் குலுங்க, நூல் நூலாக அறுபடும். அதனால்தான் உராயும், வெட்டும் இடங்களில் மூலைக் காப்பு கட்டாயம். சில டாலருக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் துண்டுதான். புதியவர்களின் பெட்டியில் பெரும்பாலும் இல்லாதுபோவதும் இதுதான்.

தார்ப்பாயும் அதை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் கயிறும் கட்டுக் கணக்கில் வராது. தார்ப்பாய் மழைக்கு, அது லோடைப் பிடித்து நிறுத்தாது. பெல்ட்டில் முடிச்சும் கூடாது. நாமக்கல், சங்ககிரி பக்கம் கயிற்றை முடிந்து லோடு கட்டும் கைவாகைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வினோதமாகத் தோன்றலாம். முடிச்சு விழுந்த இடத்தில் பெல்ட்டின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதுதான் காரணம்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கில் அமெரிக்கா கொஞ்சம் தாராளம். 4 அடிக்கு மேல் நீட்டினால் 18 அங்குலச் சதுரத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சு ஒளிர்கொடி கட்ட வேண்டும், அவ்வளவுதான். வெளியே நீட்டிய கம்பியில் மோதி இறந்தவர்களின் கணக்கைப் பார்த்தபின், சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க இருந்த அனுமதியை இந்தியா 2014-ல் விதியிலிருந்தே எடுத்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் இந்தியா ஒரு படி கடுமை. நெடுஞ்சாலையில் நிலைமை என்ன என்பது இரவில் பயணம் செய்பவர்களுக்குத் தெரியும்.

80 கிலோமீட்டரில் ஒரு நிறுத்தம்

கட்டி முடித்தால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. கிளம்பிய முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 150 மைலுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது. ஓட்டுநர் வேலை நிலை மாறும்போதும் பார்க்க வேண்டும். முதல் 50 மைலுக்குக் காரணம் உண்டு. மரக்கட்டு அமுங்கும். இயந்திரத்தின் டயர் சற்றுத் தணியும். பெல்ட்டும் புதிதாக இருந்தால் இழுபடும். ஏற்றிய இடத்தில் கல் மாதிரி இருந்த கட்டு, அரை மணி நேரத்தில் விரலால் ஆட்டக்கூடியதாகிவிடும்.

ஹாட்ஷாட் தொழிலின் பெரிய முரண் இங்கேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுப்பதே வேகத்துக்கு. வாடகை குறைந்த காலத்தில் ஒரே நாளில் இரண்டு லோடு பிடிக்க வேண்டிய நெருக்கடி வேறு. முதலில் காணாமல்போவது இந்தப் பத்து நிமிட நிறுத்தம்.

விலை யார் கொடுப்பது?

அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ.வின் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளில் சாலையில் கிடந்த, விழுந்த பொருட்களால் 2 லட்சத்துக்கும் அதிகமான விபத்துகள், சுமார் 39,000 காயங்கள், 500-க்கும் மேற்பட்ட மரணங்கள் நேர்ந்ததாக அது கணக்கிட்டது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், சரியாகக் கட்டாத லோடும் பராமரிக்காத வண்டியிலிருந்து கழன்ற பாகங்களும். எல்லா வகை வாகனங்களும் சேர்ந்த கணக்கு இது. ஹாட்ஷாட் வண்டிகளை மட்டும் பிரித்துச் சொல்வதல்ல. ஆனாலும் உயிர் போனவர்களில் பலர் பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள். அந்தச் செயினை வாங்கியது யார், எவ்வளவுக்கு என்று அவர்களுக்கு எதுவும் தெரியாது.

தொழில் செய்பவருக்கு வரும் அடி வேறு மாதிரி. கட்டு சரியில்லை என்றால், சரிசெய்யும்வரை வண்டி அந்த இடத்தைவிட்டு நகர முடியாதபடி அதிகாரி உத்தரவு போடலாம். நடுவழியில் நல்ல செயினுக்கு எங்கே போவது? சரக்கு நேரத்துக்குப் போகாது. வாடகையும் தகராறில் மாட்டும். அந்தக் குறை நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவில் ஏறும். லோடு கொடுக்கும் புரோக்கரும் இன்சூரன்ஸ் நிறுவனமும் அந்தப் பதிவைப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்கியவர் என்றால் முதல் 18 மாதம் கண்காணிப்பு உண்டு. பெரும்பாலும் முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கையும் நடக்கும்.

வாடகைக்குச் சரக்கு ஏற்றும் இந்த அளவு வண்டிக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி வேண்டும். அது மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு. ஏற்றிய சரக்குக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஏற்றிவிட்டது அனுப்புநரின் ஆட்கள், கட்டியதும் அவர்கள்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சீல் வைத்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவிடப்பட்ட ஓட்டுநருக்கு விதியில் விலக்கு உண்டு. திறந்த டிரெய்லரில் சீல் வைக்க எதுவும் இல்லை. எல்லாம் கண்ணெதிரே இருப்பதால், சாவியைத் திருப்பும் முன் சுற்றிவந்து பார்க்க வேண்டிய பொறுப்பு ஓட்டுபவருடையது.