காட்டு வேலைக்கு நாங்களும் வருவோம்!



"படிச்சு என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் நம் வகுப்பில் டீச்சர், நர்ஸ், போலீஸ் என்ற மூன்று பதில்தான் வரும். "காட்டைக் காக்கப் போறேன்" என்று ஒருத்தரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் கொல்லிமலையும் பச்சைமலையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நம் தம்மம்பட்டி மரச்சிற்பத்தால் பேர் வாங்கிய ஊர். மரத்தைச் செதுக்கத் தெரிந்த ஊருக்கு, மரத்தைக் காப்பதும் ஒரு வேலை என்று தெரிய வேண்டாமா?

தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என்று ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. சேலம், நாமக்கல் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே இருப்பது போலவே நம் மலைக்காட்டுக்கும் வனக்காவலர், வனக்காப்பாளர் உண்டு. காட்டுத்தீ பரவாமல் பார்ப்பது, வேட்டைக்காரர்களைத் தடுப்பது, விலங்குகளைக் கணக்கெடுப்பது எல்லாம் இவர்கள் வேலை.

2024-ல் இந்த வேலைகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலேயே ஆள் எடுத்தார்கள். வனக்காவலருக்குப் பத்தாம் வகுப்பு பாஸ் போதும். வனக்காப்பாளருக்கு பிளஸ் டூவில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். பழங்குடி இளைஞர்களுக்கென்றே தனியாக வனக்காவலர் பணியிடமும் உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் நம் தோழர் தோழியர் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு முடிந்ததும் நடைத் தேர்வு. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மணிக்கு நாலு கிலோமீட்டர்தான். விறகுக்கும் தண்ணிக்கும் மாடு மேய்க்கவும் நடக்கிற நமக்கு இது பெரிய காரியமா?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வேலைக்குக் குறைந்த வயது 21. பத்தாவது முடிக்கும்போது நமக்கு 15 அல்லது 16. நடுவில் ஐந்தாறு வருஷம்! அந்த வருஷங்களில் பையன்கள் ஏதாவது ஒரு கூலி வேலையில் ஒட்டிக் கொள்கிறார்கள். பெண்களை மில் வேன் வந்து ஏற்றிப் போகிறது. 18 ஆனதும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 21 வரைக்கும் காத்திரு என்று எத்தனை வீட்டில் சொல்வார்கள்? வேலை இருக்கிறது, ஆனால் அதுவரைக்கும் போக வழி இல்லை.

அந்த வழியை ஒரு காலத்தில் அமெரிக்காவில் போட்டார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இளைஞர்களுக்காக ஒரு காடு வளர்ப்புப் படை தொடங்கினார். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். தேசியப் பூங்காக்களில் பாதை போட்டார்கள், காட்டுத்தீயை அணைத்தார்கள், சுமார் 300 கோடி மரம் நட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒரு குறை, அந்தப் படையில் பெண்களைச் சேர்க்கவில்லை.

"பொம்பளைப் புள்ளைக்குக் காட்டுல என்ன வேலை?" என்று இங்கேயும் கேட்பார்கள். குஜராத்தில் சிங்கம் வாழும் கிர் தேசியப் பூங்காவில் 2007 முதல் பெண்களும் வனக்காவல் வேலை பார்க்கிறார்கள். நம் முதுமலை தெப்பக்காட்டில் தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்த்த பெள்ளி அம்மாவை எல்லோருக்கும் தெரியும். அவரும் பொம்மன் அவர்களும் வந்த படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. அதே வருஷம் தமிழக அரசு அவரைக் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளராக, நியமித்தது. அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். சிங்கத்துக்கும் யானைக்கும் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் போய் இதைக் கேட்பார்களா?

அதனால் என் கருத்து இதுதான். பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு, 21 வயது வரை, அந்தந்த வனச்சரகத்திலேயே அரசு ஒரு இளைஞர் பயிற்சி வைக்க வேண்டும். நாற்று வளர்ப்பது, பறவை கணக்கெடுப்பது, மரங்களின் பேர் படிப்பது என்று வாரத்தில் சில நாள் போதும். காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி இருந்தால் பெற்றோரும் அனுப்புவார்கள். சின்னதாக உதவித்தொகையும் கொடுத்தால் மில் வேன் காலியாகத் திரும்பும்!

அதெல்லாம் அரசு செய்ய வேண்டியது. நம் பள்ளி செய்யக் கூடியவை இரண்டு உண்டு. அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். அதையொட்டி ஒரு வன அலுவலரை அழைத்து வந்து எங்களோடு பேச வைக்கலாம். இரண்டாவது, பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுக்காமல் பெண்களையும் மைதானத்தில் நடக்க விடலாம். கணக்கு டீச்சர் கோபிக்கக் கூடாது. 4 மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் என்பதும் கணக்குதானே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி