நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு?

தசை தளர்த்தும் மருந்து உடலுக்குள் போனபின் நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. குழாய் கழன்றாலும் கையசைத்துச் சொல்ல முடியாது. அவர் உயிர் மயக்கவியல் வென்டிலேட்டரிடமும் அதை இயக்குபவர்களிடமும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கருவியின் பாதுகாப்பை டாக்டர்களின் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது என்கிறோம். தனியாருக்குப் போகக் காசில்லாமல் அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கில் படுப்பவர்கள் நம் மக்கள்.

2011இல் குமரி மாவட்டத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்காக அரசு மருத்துவமனைக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவு திரும்பாமலே அடுத்த ஆண்டு இறந்தார். 2016இல் சிட்னியில் ஒரு மருத்துவமனையிலும் குழாய் இணைப்பு மாறி, இதே வாயு பச்சிளம் குழந்தைகளுக்குப் போனது. ஒரு குழந்தை இறந்தது. பணக்கார நாட்டிலும் நடக்கிறது என்றால், யாரோ ஒருவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட முடியாது. சோதித்துப் பார்க்காத அமைப்பே குற்றவாளி.

சோதனைகள் ஒன்றும் ரகசியமல்ல. கருவி நின்றுபோனால் கையால் மூச்சுக் கொடுக்க ஆம்பு பை பக்கத்தில் இருக்கிறதா? மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா? மூச்சுச் சுற்றில் கசிவு உண்டா? ஆக்சிஜன் அளவி சாதாரணக் காற்றில் 21 சதவீதம் காட்டுகிறதா? சோடா லைம் நிறம் மாறிவிட்டதா? அலாரத்தை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா? முந்தைய நோயாளி பெரியவர், அடுத்தது குழந்தை என்றால் மூச்சின் அளவை மாற்றியாயிற்றா? குழாய் கழன்றால் கேப்னோகிராஃபின் அலை உடனே தட்டையாகும். ஆக்சிமீட்டரின் எண் இறங்கத் தாமதமாகும். சுவர்க் குழாயில் தவறான வாயு வருகிறது என்ற சந்தேகம் வந்தால் சிலிண்டரைத் திறப்பது மட்டும் போதாது, சுவர் இணைப்பையும் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் கூடிய சுவர்க் குழாயிலிருந்தே கருவி வாயுவை எடுத்துக்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலும், மயக்கம் கொடுக்கும் முன்பே கருவியைச் சோதித்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்கிறது. 'இல்லை' என்று யார் பதில் சொல்வார் என்பதே நம் கேள்வி.

நம் வீடுகளிலிருந்து டிப்ளமோ படித்து, ஒப்பந்தத்தில் அந்த அரங்குக்குள் போகிற தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். "சார், கொஞ்சம் நிறுத்துங்க, லீக் இருக்கு" என்று அவர்கள் சொன்னால், அது எச்சரிக்கையாகக் கேட்கப்படுமா, திமிராகக் கேட்கப்படுமா? சாதியும் பதவியும் சேர்ந்து கீழே நிற்பவரின் வாயை அடைக்கும் இடத்தில் கசிவைப் பார்த்தவரும் பேசாமல் நிற்பார். விபத்து நடந்தபின் முதலில் மாட்டுபவரும் அவரே. குழாய் பதித்த ஒப்பந்ததாரரையும், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத அதிகாரியையும் யாரும் தேடுவதில்லை.

2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர் சட்டம் மயக்கவியல் தொழில்நுட்பரையும் தொழிலராக அங்கீகரிக்கிறது. அங்கீகாரம் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு அறுவைக்கு முன்பும் நடந்த சோதனை, செய்தவரின் கையெழுத்தோடு பதிவேட்டில் இருக்க வேண்டும். குறை கண்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை எழுத்தில் வேண்டும். அப்படிச் சொன்னதற்காக ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. விபத்து விசாரணை மேலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் படிப்பில் இருக்கும் மாணவர்களே, கருவியை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பார்த்த குறையைச் சொல்லுங்கள். சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள். உங்களைத் தனியாக நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வது இயக்கமாக நம் பொறுப்பு.