தட்டானை ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க

ஏப்ரல் வந்தா போதும், இன்ஸ்டாவுல தட்டான் சீசன் ஆரம்பிச்சிடும். இறக்கை முழுக்கப் பனித்துளி, பின்னாடி பச்சையா ஒரு பிளர். அழகுதான். ஆனா நம்ம ஊர் சித்திரை வெயில்ல, மத்தியானத்துல பனித்துளி எங்கிருந்து வந்துச்சு? சிலது ஸ்ப்ரே பாட்டில்ல இருந்து வருது. இன்னும் சிலர் பூச்சியைப் பிடிச்சு, ஃப்ரிட்ஜுல வெச்சு, அது விறைச்சு அசையாம இருக்கும்போது படம் எடுக்கறாங்க. வால்ல நூல் கட்டி விளையாடற சின்னப் பசங்களையாவது மன்னிச்சு விடலாம். நமக்கு 21 வயசு ஆகுது.

"மேக்ரோ லென்ஸ் இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்?"னு கேட்பீங்க. தட்டானோட பழக்கத்தைத் தெரிஞ்சுக்கலாம், அதுக்குச் செலவே இல்லை. குச்சி நுனியில உட்காருற தட்டான் பறந்து போனாலும், பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். துரத்தாதீங்க, போனை அந்தக் குச்சிக்கு ஃபோகஸ் பண்ணிட்டுக் காத்திருங்க. காலையில உடம்பு சூடாகுற வரைக்கும் அதால வேகமா பறக்க முடியாது. ஆறரை மணிக்குப் போனா கிட்டப் போகலாம், உங்க நிழல் மட்டும் அது மேல விழக்கூடாது. உச்சி வெயில்ல சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கி நேரா தூக்கி நிற்கும். வெயில் படுற பரப்பைக் குறைக்கத்தான் அப்படி. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நாம படிச்சதை அது தலைகீழா நின்னு செஞ்சு காட்டுது. ஃப்ரிட்ஜுல விறைச்ச பூச்சி இதைக் காட்டுமா?

அந்த மாதிரிப் படத்துல இன்னொரு குறையும் இருக்கு: பூச்சி எங்கே வாழ்ந்ததுங்கற தகவல் போயிடுது. தட்டான் முட்டையில இருந்து வெளிய வந்ததும் வளர்றது தண்ணிக்குள்ளதான். அங்கே கொசுப்புழுவும் அதுக்குச் சாப்பாடு. ஆனா கோடையில கேம்பஸ்ல மிஞ்சியிருக்கிற ஒரு குட்டையைப் பார்த்ததும் எல்லாரும் சொல்றது, "கொசு வரும், மண்ணைப் போட்டு மூடு." அந்தப் பேச்சு வரும்போது, தேதியும் இடமும் போட்ட 20 படம் கையில இருந்தா, அங்கே என்னென்ன வாழுதுன்னு காட்டிப் பேசலாம். வெறும் "பாவம் பூச்சி"ன்னு சொன்னா யார் கேட்பாங்க? மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ல போடுங்க. எந்த வகைன்னு கண்டுபிடிக்க விஷயம் தெரிஞ்சவங்க உதவுவாங்க.

முதல் படத்துக்குக் காட்டுக்குப் போக வேண்டாம். சிமெண்ட் சுவர்லயே ஒட்டிக்கிட்டு, சுவரோட நிறத்துலயே ஒரு தட்டான் இருக்கும். கிரானைட் கோஸ்ட்னு பேரு. சிமெண்ட் தண்ணித் தொட்டியிலகூட வளரும். நாலு வருஷமா நாம அதைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போயிருப்போம். நாளைக்குக் காலையில ஹாஸ்டல் சுவரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க.