பீலிக்கரையில் ஒரு துணை



சிறை வாசலைத் தாண்டி வந்துவிட்டால் ஒரு பெண்ணின் தண்டனை முடிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை தொடங்கிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யுத்தகாலத்தில் வடக்கு, கிழக்குப் பெண்கள் மட்டும் கைதாகவில்லை. 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் மலையகத்தையும் விடவில்லை. வேலை தேடிக் கொழும்புக்குப் போன பிள்ளைகளிடம் அடையாள அட்டை இல்லாததே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25 பேருக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த அச்சம் எங்கள் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை.

சந்தேகத்தின் பேரில் பல வருடம் அடைபட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையான ஒரு சகோதரியைப் பார்க்கப் போனேன். பெயர்ப்பலகை போட்ட வாகனத்தில், கையில் படிவத்துடன் போனேன். லயம் முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வாரம் திறக்கவில்லை. நான் படித்த சமூகவியல் அன்று உதவவில்லை.

கதவைத் திறக்க வைத்தவர் அடுத்த லயத்து அக்கா ஒருவர். கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறை சென்றவர். விடியற்காலையில் வாளியுடன் போய், "புள்ள, பீலிக்குப் போறேன், வாரியா?" என்று மட்டும் கேட்டாராம். என்ன வழக்கு, உள்ளே என்ன நடந்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. மற்றவர்கள் ஒதுங்கி நின்ற பீலிக்கரையில் இருவரும் சேர்ந்து துணி துவைத்தார்கள். மறுவாரம் பெரட்டுக்கும் கூடவே போனார், பேர் பதிய.

அந்தச் சகோதரியின் பெரிய வேதனை வேறு. மாமியார் வளர்த்த மகள், பாட்டியைத்தான் "அம்மா" என்கிறாள். அக்கா சொன்னார்: "அம்மான்னு கூப்புடச் சொல்லாத. தெனமும் தல சீவி விடு. எம்மவனும் அப்புடித்தான் வந்தான்." இந்த யோசனையை எந்தப் பயிற்சி நூலிலும் நான் படித்ததில்லை.

இன்று ஐந்து பெண்கள், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு கூடுகிறார்கள். வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை. சொன்னது வெளியே போவதில்லை. அடையாள அட்டைக்குக் கிராம சேவகரிடமோ, கையெழுத்துப் போட பொலிஸுக்கோ யாரையும் தனியே விடுவதில்லை. நான் அழைத்தால் மட்டும் போகிறேன், பஸ்ஸில்.

இது வெறும் இரக்கம் அல்ல, தோழிகளே. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பாங்கொக் விதிகள், விடுதலையாகும் பெண்ணுக்கு வெளியிலும் ஆதரவு வேண்டும் என்கின்றன. சிறைக்குப் பதிலாகச் சமூக வேலை செய்ய நீதிமன்றம் கட்டளையிடவும் நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள் சட்டத்தரணியிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

துணைக்கும் எல்லை உண்டு. நாட்கணக்கில் உறக்கமில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

தடுப்பிலும் புனர்வாழ்விலும் இருந்து வந்த தோழிகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அடுத்த முறை கிணற்றடிக்குப் போகும்போது அவர்கள் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கேள்வி வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

அந்த மகள் இன்னும் "அம்மா" என்று கூப்பிடவில்லை. ஆனால் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு அவளே வந்து உட்காருகிறாளாம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.